தொப்பூரில் பாரம்பரிய நடை நடத்துவது எப்படி?

ஆகஸ்டு பிறந்துவிட்டால் சென்னை ஜார்ஜ் டவுனில் தொப்பி போட்ட இருபது பேர் ஒரு பழைய தூணை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். 2004இல் தொடங்கிய மெட்ராஸ் தினக் கொண்டாட்டம் அந்த நகரத்துக்கு இந்தப் பழக்கத்தை ஊட்டிவிட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு வீதி நடை, காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீட்டு நடை, சுவரோவியப் பிரியர்களுக்குச் சென்னையின் கண்ணகி நகர் நடை. வழிகாட்டியின் கால் படாத ஊர் தமிழ்நாட்டில் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று தேடினால், தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கையைத் தூக்கும்.

அந்தக் குறையைத் தீர்க்க முன்வரும் இளைஞர்களுக்காக இந்தக் கையேடு. முன் அனுபவம் தேவையில்லை. குரல் மட்டும் கணீரென்று இருக்க வேண்டும். போட்டிக்கு ஏர் ஹாரன் இருக்கிறது.

படி 1: ஊர் இருப்பதை நிரூபியுங்கள்

மற்ற ஊர்களில் வழிகாட்டி வணக்கம் சொல்லித் தொடங்கினால் போதும். இங்கே, தொப்பூர் என்று ஓர் ஊர் இருப்பதையே முதலில் நம்ப வைக்க வேண்டும். பெங்களூரிலிருந்து வருகிறவர் போனில், "தொப்பூர் தாண்டிட்டோம், சேலம் வந்துரும்" என்பார். "தொப்பூர்ல இருக்கோம்" என்று யாராவது சொன்னால், முன்னால் ஏதோ வண்டி குடை சாய்ந்திருக்கிறது என்று வீட்டில் புரிந்துகொள்வார்கள்.

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தருமபுரி மேட்டிலிருந்து சேலம் சமவெளிக்கு இறங்குகிற கணவாய் இது. ஓட்டுநர்களில் பழைய ஆட்களுக்கு அது இன்றைக்கும் என்.எச். 7தான். மேட்டூர், பவானி வழியாக ஈரோட்டுக்குப் போகும் சாலை இங்கே பிரிகிறது. தொப்பையாறு இந்தப் பக்கமாகத்தான் மேட்டூர் நீர்த்தேக்கத்தைத் தேடிப் போகிறது. சேலம்–பெங்களூர் ரயில் பாதைக்கும் இதே மலை இடுக்குதான் வழி. ஆக, சாலை, ஆறு, தண்டவாளம் மூன்றும் இந்த ஊரைக் கடந்து போவதற்கென்றே அமைந்தவை. எனவே உங்கள் நோட்டீஸில் 'வாருங்கள்' என்று போடாதீர்கள். ஊரே வந்துகொண்டுதான் இருக்கிறது. 'இறங்குங்கள்' என்று போடுங்கள்.

படி 2: கைவசம் வைத்துக்கொள்ள வேண்டியவை

• ஒளிரும் பட்டை போட்ட ஆரஞ்சுச் சட்டை. பாரம்பரிய நடைக்குக் கைத்தறி ஜிப்பாதான் சீருடை என்பது தெரியும். ஆனால் இருபது டன் இரும்புக் கம்பியோடு வருகிற ஓட்டுநருக்குக் கைத்தறியின் அருமை தெரியாது.

• விசில். மைக் வேண்டாம். மைக்கில் பேசினால் கட்சிக்காரர் என்று நினைத்துக்கொண்டு கடைக்காரர்கள் நன்கொடைக்குப் பயந்து ஒளிந்துகொள்வார்கள்.

• மூடிய பை. அதற்குள் வாழைப்பழம் கூடாது. கணவாய்க் குரங்குகளுக்கு வண்டியிலிருந்து எறிந்தே பழக்கிவிட்டார்கள். எறிய வேண்டாம் என்பது வனத்துறையின் வேண்டுகோள். குரங்குகள் அந்த வேண்டுகோளைப் படித்ததில்லை.

• பதிவுப் படிவம். பெயர், வயது, எந்த நூற்றாண்டில் ஆர்வம் என்பவற்றோடு ரத்த வகைக்கும் ஒரு கட்டம் போட்டுவையுங்கள்.

படி 3: வரலாறு கலக்கும் விகிதம்

தருமபுரி மாவட்டத்தில் வழிகாட்டிக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்தக் கல்லைக் காட்டினாலும் மூன்று பேரில் ஒருவர் பெயரைச் சொன்னால் போதும். ரொம்பப் பழையது என்றால் அதியமான். உடைந்திருந்தால் திப்பு. நேராக நட்டிருந்தால் வெள்ளைக்காரன். கேட்கிறவர்கள் தலையாட்டிவிடுவார்கள்.

ஆனால் ஒவ்வொரு குழுவிலும் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் இருப்பார். கடைசி வரிசையில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, நீங்கள் தவறுவதற்காகவே காத்திருப்பார். அவருக்காகக் கொஞ்சம் நிஜமும் வேண்டும்.

மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 நவம்பரில், ஜெனரல் மெடோஸின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, அப்போது பாராமகால் எனப்பட்ட இந்த வட்டாரத்தில் திப்பு சுல்தானைத் துரத்தியது. திப்பு தன் படையோடு இந்தக் கணவாயில் புகுந்து தெற்கே இறங்கித் திருச்சிப் பக்கம் போய்விட்டார். பீரங்கி, மாடு, குதிரை சகிதம் ஒரு பெரும்படை இவ்வளவு அவசரமாக இறங்கியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பின்னால் உதவும். போரை முடித்த 1792 உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்கு வந்ததும், அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாகத் தாமஸ் மன்றோ வந்தார். அவரும் ஜாகை போட்டது தருமபுரியில்தான்.

ஒரு எச்சரிக்கை. விஜயநகர வாரிசுச் சண்டையில் தஞ்சை ரகுநாத நாயக்கரும் யாசம நாயக்கரும் ஒரு பக்கம், ஜக்கராயன் மறுபக்கமாக 1616 வாக்கில் மோதிய பெரும்போர், கல்லணைப் பக்கத்துத் தோப்பூரில் நடந்தது. அந்தப் போரை இங்கே கொண்டுவந்து நடத்திவிடாதீர்கள். வாத்தியார் காத்திருப்பது இதற்குத்தான்.

படி 4: முதல் நிறுத்தம், சுவர்கள்

நடையைத் தொப்பூர் பிரிவு சாலைப் பக்கம் தொடங்குவது நல்லது. டீ கிடைக்கும்.

சுவரோவியம் என்றதுமே குழுவினர் மனதில் கண்ணகி நகர் ஓடும். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் மாடி உயரத்துக்கு முகங்களை வரைய வைத்தது. யாராவது கைப்பேசியில் அந்தப் படங்களைக் காட்டி, இங்கே எங்கே என்று கேட்டால் அசராதீர்கள். தொப்பூர்ச் சுவர்கள் எழுத்து மரபைச் சேர்ந்தவை என்று சொல்லுங்கள். சிமெண்ட், கம்பி, பம்பு செட், ஜவுளிக்கடை, கட்சி என்று வகை பிரித்துக் காட்டுங்கள்.

கட்சிச் சுவரை விளக்கும்போது பொறுமை தேவை. முதலில் சுண்ணாம்பு அடிப்பார்கள். பிறகு ஒரு மூலையில் கட்சிப் பெயரையும் வருடத்தையும் எழுதி இடம் பிடிப்பார்கள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் வெள்ளைச் சுவரும் அந்த ஒற்றை வரியும்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவர் இருந்தால், 'மினிமலிசம்' என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

அதே சுவரில் பழைய கையெழுத்து ஏதாவது மிச்சமிருந்தால் அங்கே நிற்பது நியாயம். நூல் பிடித்துச் சுண்ணக்கட்டியில் மேல்கோடு, கீழ்க்கோடு. தட்டைத் தூரிகையை நனைத்து ஒரே இழுப்பில் 'ழ'வின் வால். காய்ந்த பிறகு வலப்பக்கம் கறுப்பில் நிழல், எழுத்து சுவரை விட்டு நாலு விரல் வெளியே வந்து நிற்கும். பக்கத்தில் இருக்கிற ஃபிளெக்ஸ் பேனரில் தலைவர்கள் எத்தனை பேர் சிரித்தாலும், யாரும் சுவரை விட்டு வெளியே வருவதில்லை. கண்ணகி நகரில் ஓவியர் பெயரை மூலையில் தேட வேண்டும். இங்கே எழுதியவரின் பெயரும் செல் நம்பரும் விளம்பரத்தை விடத் தெளிவாக இருக்கும்.

பொது இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது என்ற தகவலை இங்கே சொல்லலாம். எல்லோரும் சிரித்து முடிக்க அரை நிமிடம் கொடுங்கள். இன்னொன்று, தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்த கையோடு சுவர்களுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். அதற்கு மறுநாள் கூட்டிவந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. நடைக்கு நாள் குறிக்கும் முன் பஞ்சாங்கம் பார்க்காவிட்டாலும் தேர்தல் ஆணைய அறிவிப்பைப் பாருங்கள்.

வரைந்த படம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களை வடக்கே அதியமான்கோட்டைக்கு அனுப்பிவிடுங்கள். சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அப்படியே தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களையும் பார்த்துவரச் சொல்லுங்கள். கவர்ந்து போன மாட்டை மீட்கப் போய் மடிந்தவனை வில்லும் வாளுமாகக் கல்லில் வெட்டி, பெயர் எழுதி, போகிறவர் வருகிறவர் பார்க்க நட்டு வைத்த மாவட்டம் இது. வழியில் போகிறவனை நிறுத்திப் பார்க்க வைக்கும் கலை இங்கே ஆயிரம் வருடத்துக்கும் மூத்தது.

படி 5: இரண்டாம் நிறுத்தம், லாரிகள்

இந்த நடையின் சிறப்பே, காட்சிக்கூடம் தானாக நகர்ந்து போவதுதான். டீக்கடை ஓரத்தில் லாரி நிற்கும் நேரம் பார்த்து மடக்க வேண்டும். ஒரு டீ, ஒரு பீடி. உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

பதிவெண்ணைப் பார்த்தே ஓவியப் பள்ளியைச் சொல்லப் பழகுங்கள். டிஎன் 28 நாமக்கல், டிஎன் 52 சங்ககிரி, டிஎன் 34 திருச்செங்கோடு, டிஎன் 29 நம்ம தருமபுரி. நாமக்கல் வட்டாரத்தில் பாடி கட்டும் பட்டறைகளில் தச்சர், கொல்லர், பெயின்டர் எல்லோரும் ஒரு வண்டிக்குள் வேலை செய்கிறார்கள். பழைய கோயில் திருப்பணிக்குப் பிறகு இத்தனை கைத்தொழில்கள் ஒரே இடத்தில் கூடுவது அங்கேதான் என்று சொல்லிப் பாருங்கள். வாத்தியாரே குறிப்பெடுப்பார்.

குழுவை வண்டியின் பின்புறம் கொண்டுவந்து நிறுத்தி, கீழிருந்து மேலாகப் படிக்கச் சொல்லுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் மட்கார்டில் வெள்ளை எழுத்தில் முதலாளியின் ஊர். நம்பர் பிளேட்டுக்குக் கீழே எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு, டீசல் புகையில் இரண்டுக்கும் ஒரே நிறம். பின்கதவின் நடுவே தாமரை, இரு பக்கமும் எதிரெதிரே இரண்டு கிளிகள். ஒரு கிளியின் கழுத்து தாழ்ப்பாள் இடித்து இடித்துத் தகரம் தெரிகிறது. அதற்கு மேல் ஹாரன் அடிக்கச் சொல்லும் வாசகம். அதற்கும் மேல் திருஷ்டி பொம்மை நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கும். ஹாரன் அடிக்கச் சொல்லும் இந்த வாசகத்தை மகாராஷ்டிர அரசு 2015இல் தடை செய்தது, அதைப் படித்துவிட்டு எல்லோரும் தேவையில்லாமல் ஹாரன் அடிக்கிறார்கள் என்று. எழுதியதைப் படித்து அதன்படி நடந்தார்கள் என்று ஒரு அரசாங்கமே ஒப்புக்கொண்ட சாலையோர இலக்கியம் வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

குழுவிலிருந்து ஒரு பெண் குறிப்பேட்டோடு ஓட்டுநரிடம் போவார்.

"அண்ணா, இந்தக் கிளிக்கு என்ன அர்த்தம்?"

"பட்டறைல போட்டுக் குடுத்தாங்கம்மா. எஃப்.சி.க்குப் போறப்ப மறுபடி பெயின்ட் அடிப்போம். அப்ப மயிலு கூடப் போட்டுக்கலாம்."

இதை அப்படியே விட்டுவிடாதீர்கள். உலகத்துச் சுவரோவியர்கள் எல்லாம் தங்கள் படைப்பு எத்தனை நாள் நிற்கும் என்று கவலைப்படுகிறார்கள். இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகமே தேதி குறித்துக் கொடுத்துவிடுகிறது என்று முடித்துவைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

படி 6: மூன்றாம் நிறுத்தம், ரயில் பாதை

இங்கே சுருக்கமாகப் பேசுங்கள். எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கும் தொப்பூரில் நிற்க நேரமில்லை. 2021 நவம்பர் 12 விடியற்காலையில் மட்டும், தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் மலையிலிருந்து பாறைகள் உருண்டு விழுந்ததில் கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. முத்தம்பட்டி ஆஞ்சநேயர் பக்கத்திலேயே இருப்பதால்தான் என்று குழுவில் ஒருவர் சொல்வார். மறுக்காதீர்கள். உங்களிடமும் வேறு விளக்கம் இல்லை.

படி 7: நான்காம் நிறுத்தம், சுங்கச்சாவடி

இனி மேலே ஏற வேண்டும். நடை என்று பெயர் வைத்ததற்காகக் கணவாயில் நடக்க வைக்காதீர்கள். பேருந்தில் ஏற்றுங்கள். தலைப்பில் 'நடை' இருந்தால் போதும்.

பாளையம் சுங்கச்சாவடிதான் இந்த வட்டாரத்தின் மகத்தான கட்டடம். இதைக் கோயிலாகவே பாவித்து விளக்குவது எளிது. தூரத்திலிருந்தே தெரியும் நுழைவாயில், வரிசைத் தூண்கள், மேலே மண்டபக் கூரை. தரிசன வரிசைகள் பல. முக்கியஸ்தர்களுக்குத் தனி வழி. காணிக்கை செலுத்தாமல் யாரும் கடக்க முடியாது. முன்பு உண்டியலில் போட்டுச் சீட்டு வாங்கினார்கள். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு, நெற்றிக் கண்ணாடியில் ஒட்டிய நாமத்தைப் பார்த்தே அருள் பாலித்துக் கம்பம் தூக்கப்படுகிறது. நாமத்தில் காசு இல்லையென்றால் நடை சாத்தப்படும்.

இந்த இடத்தில் வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன்னு பேரு" என்பார். சரியான தகவல். "ஆமாங்கய்யா, அதனாலதான் அவரை இன்னைக்கும் ஞாபகம் வெச்சிருக்கோம்" என்று சொல்லிக் கைதட்ட வையுங்கள். அதற்குப் பிறகு அவர் உங்கள் ஆள்.

படி 8: கேள்விகளைச் சமாளித்தல்

*"கழிப்பறை எங்கே?"* பாரம்பரிய நடைகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சுங்கச்சாவடியிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். செலுத்திய காணிக்கையில் அதுவும் சேர்த்தி.

*"இங்கே புதிய கட்டடக்கலை எதுவும் வரவில்லையா?"* கணவாய்ப் பகுதியில் பல நூறு கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலைக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அது முடிந்தால் நமக்கும் அண்ணாந்து பார்க்க ஒரு தூண் வரிசை கிடைத்துவிடும். ஜார்ஜ் டவுனுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

*"செல்ஃபி எடுக்க நல்ல இடம் எது?"* சேலம்.

படி 9: இறக்கம்

நடையின் மையம் இதுதான். இங்கே வேடிக்கைப் பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம்.

பேருந்து தருமபுரிப் பக்கமிருந்து கட்டமேட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும், ஜன்னல் வழியே படித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். விபத்துப் பகுதி. மெதுவாகச் செல்லவும். கனரக வாகனங்கள் 30 கி.மீ. நியூட்ரலில் இறக்காதீர். பல மொழிகளில், பல நிறங்களில், காவல்துறை வைத்தது, நெடுஞ்சாலை ஆணையம் வைத்தது. தமிழ்நாட்டில் இவ்வளவு நெருக்கமாக எழுதி வைத்த சாலை அபூர்வம். எல்லாப் பலகைகளும் சொல்வது ஒரே விஷயத்தைத்தான்: கொஞ்சம் நிதானி.

அதை ஏன் யாரும் படிப்பதில்லை என்பதை விளக்கிவிட்டால் நீங்கள் நல்ல வழிகாட்டி. இறக்கத்தில் வண்டி தானாக ஓடும். நியூட்ரலில் தள்ளிவிட்டால் டீசல் மிச்சம். பல நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்தவருக்கு அந்த மிச்சம் பெரிதாகத் தெரியும். ஆனால் கியர் போட்டிருக்கும்வரை எஞ்சினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும். முழுப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்து, லைனிங் தீய்ந்த வாடை வரும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. எஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம், பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸரும் நின்றுபோகும். இத்தனையும் கைகூடும் நேரத்தில் எதிரே வளைவு வரும், வளைவுக்குப் பின்னால் இரட்டைப் பாலம்.

சாலையோரத் தகரத் தடுப்பைக் காட்டுங்கள். ஓரிடத்தில் ஆரஞ்சு நிறம் இழுபட்டிருக்கும், அதன்மேல் பச்சை, அதற்கும் மேல் வெள்ளை. ஒவ்வொரு கோடும் ஒரு வண்டியின் பெயின்ட். தகரம் உள்ளே நசுங்கிய ஆழத்தைப் பார்த்தால் வண்டியின் பாரம் தெரியும். சில இடங்களில் பழைய துண்டுக்கு நடுவே புதுத் தகரம் மாட்டியிருப்பார்கள், பளபளவென்று. அந்த இடத்தில் என்ன நடந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மாட்டுக்காக மடிந்தவனுக்குப் பெயர் வெட்டிக் கல் நட்ட அதே மாவட்டத்தில், இங்கே போன உயிர்களுக்குக் கல் இல்லை, 'விபத்துப் பகுதி' என்று ஒரு பொதுப் பெயர்தான். குழுவில் யாராவது தடுப்பின் கோடுகளை 'அப்ஸ்ட்ராக்ட்' என்று சொல்ல வாயெடுத்தால், விசில் எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும். ஊதுங்கள்.

திப்புவின் படையை இப்போது நினைவுபடுத்துங்கள். துரத்த ஆள் இருந்தும் அவர்கள் பத்திரமாக இறங்கினார்கள். மாட்டுக்கு நியூட்ரல் கிடையாது.

கடைசியாக, லாரிக்காரர்களிடம் பழைய பாடம் ஒன்று இருக்கிறது: ஏறின கியரிலேயே இறங்கு. கற்ற வரலாற்றையெல்லாம் குழு மறந்தாலும் இது ஒன்று தங்கினால் போதும். அதனால் நடை முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுத்து ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்காதீர்கள். ஊர் திரும்பும் வேனில் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். அடுத்த இறக்கத்தில் ஓட்டுநர் கை நியூட்ரலுக்குப் போகும்போது, பின் சீட்டிலிருந்து யாராவது "கியரப் போடுங்கண்ணே" என்று குரல் கொடுத்தால், அவருக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உதவி வழிகாட்டியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வாத்தியாராக இருந்தால், மைசூர்ப் போரை அவரிடமே ஒப்படைத்துவிடலாம்.